அம்மா சுகம்

சிட்னி
14.5.1992

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிள்ளையார் துணையால் நானும் இவரும் ஒரு குறையுமின்றி வந்து சேர்ந்தோம். நீங்களும் அண்ணியும் அம்மாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று உங்கள் கையெழுத்தில் படித்தால்தான் எனக்கு இங்கே சோறு இறங்கும்.

இங்குள்ள கனகலிங்கம் அண்ணர் தன் பழைய வான் வண்டியைத் தந்துவிட்டார். உள்ளே மடக்குக் கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி எல்லாம் இருக்கின்றன. ஓடும்போது பாத்திரக்கடை ஒன்று கூடவே வருகிற மாதிரிச் சத்தம். இவருக்கோ தேர் கிடைத்த சந்தோஷம். இவருக்கு வேலை போன வருஷத்திலா ஊர் சுற்றுவது என்று அண்ணி முகம் சுளித்தது எனக்குத் தெரியும். இனி எப்போது சுற்றுவது, சொல்லுங்கள்? கரையோரமாகவே வடக்கே கேர்ன்ஸ் வரை போவதாக எண்ணம். போகும் ஊர்களின் பெயரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அங்குள்ள தபால் கந்தோருக்கு எங்கள் பெயரில் எழுதினால், நாங்கள் வரும்வரை வைத்திருப்பார்களாம்.

முக்கியமான சேதி இனித்தான். நேற்று டொக்டரிடம் போனேன். மூன்று மாதம் என்கிறார். இரண்டு தரம் ஏமாந்தவள் ஆகையால் வாய் திறக்கவே பயமாக இருக்கிறது. அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

ஹீத்ரோ விமான நிலையத்தில் இவர் வாய் தவறி, "மாமி, அப்ப போறம்" என்றதும் அம்மா விட்டாரா? வரிசையில் நின்ற மனிசனைத் திருப்பிக் கூப்பிட்டு, "போறம் எண்டு சொல்லாதையும் தம்பி. போயிட்டு வாறம் எண்டு சொல்லும்" என்று சொல்ல வைத்துத்தான் விட்டார். பின்னால் நின்ற வெள்ளைக்காரர் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பிறகு என் காதுக்குள், "வானுக்குள்ளை எனக்கும் ஒரு இடம் இருந்திருக்குமோ பிள்ளை?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டு, "அடுத்த முறை, அம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது மனதை அரிக்கிறது. பின் சீட் காலியாகத்தான் கிடக்கிறது, அண்ணா.

உங்கள் பதிலை வழியெல்லாம் தேடும்,
தங்கை கௌரி


தோர்ண்டன் ஹீத்
லண்டன்
25.5.1992

மச்சான் குகதாசன்,

போர்ட் மக்குவாரிக்கு உன் பெயருக்கு மட்டும் எழுதுகிறேன். கௌரி பக்கத்தில் இல்லாதபோது படி. சுகம் விசாரிக்க இதில் இடமில்லை.

அம்மா போய்விட்டார். போன செவ்வாய் மத்தியானம். நான் பெற்றோல் செற்றில் ஷிப்டில் நின்றேன். கடைக்குப் போய் வந்த என் மனிசி மலர், அம்மா ஜன்னலோரக் கதிரையில் வழமைபோல பஸ் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்று நினைத்து, "மாமி, தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டு, கேத்தலையும் வைத்துவிட்டாள். தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கும்போதுதான் தெரிந்தது.

கௌரியின் கடிதம் மறுநாள் காலை வந்தது. பிள்ளை வரப்போகிற சேதி அம்மாவுக்குத் தெரியாமலே போயிற்று. மற்றதெல்லாம் தாங்குவேன், இது என்னால் தாங்க ஏலாது.

குகன், அவளிடம் சொல்லாதே. அப்பா செத்த சேதியைப் போனில் நான்தானே சொன்னேன்? அந்தக் கிழமையே அவள் வயிற்றில் இருந்தது கலைந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்குச் சாவுச் சேதி சொல்லக்கூடாதென்று நம் சனம் சும்மாவா சொல்லிவைத்தது? பிள்ளை கையில் வரட்டும். அதுவரை நான் வழமைபோல அவளுக்கு எழுதுகிறேன். நீ முகத்தில் காட்டாதே.

நாளன்றைக்கு, புதன்கிழமை, எரிக்கிறோம். கௌரிக்கும் சாவுத் துடக்குத்தான், ஆனால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. விளக்கு வைப்பாள், சமைப்பாள், சிரிப்பாள். தெரியாமல் செய்கிறவளுக்குப் பாவம் இல்லை. அது என் தலையில் இருக்கட்டும்.

பாலேந்திரா


தோர்ண்டன் ஹீத்
30.5.1992

அன்புத் தங்கை கௌரிக்கு,

நான் சுகம், அண்ணி சுகம், அம்மாவும் சுகமாக இருக்கிறார். உன் உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

உன் சேதி கேட்டதும் அம்மாவுக்குக் கால் நிலத்தில் இல்லை. பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்துவிட்டார். நேர்வது அவர், உடைத்துத் தோள் கழலப்போவது எனக்கு. பாரம் தூக்காதே, பப்பாசிப்பழம் இருக்கிற பக்கம் தலை வைத்தும் படுக்காதே என்று சொல்லச் சொன்னார்.

இங்கே இன்னும் குளிர் விட்டபாடில்லை. குரொய்டன் சந்தையில் அம்மாவுக்கு மண்ணிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். முன்னுக்குப் பெரிய பெரிய பொத்தான்கள். "இதென்னடா, கரடி மாதிரி" என்று பேசிப்பேசியே கழற்றாமல் திரிகிறார்.

பின் சீட் காலி என்று நீ மனதைப் போட்டு அலட்டாதே. அம்மாவின் நினைவெல்லாம் அங்கேதான்.

உன் நலம் நாடும்,
அண்ணா


கொஃப்ஸ் ஹாபர்
4.6.1992

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். அம்மா எப்படி இருக்கிறார்? உங்கள் கடிதம் ஒன்றும் இன்னும் என் கைக்கு வரவில்லை. போர்ட் மக்குவாரியில் கந்தோருக்குள் போன இவர், வெறுங்கையோடும் சிவந்த கண்ணோடும் வந்தார். கேட்டால் மணல் விழுந்ததாம். கடல் தெரியாத தெருவில் என்ன மணலோ!

நேற்று ஒரு வேடிக்கை நடந்தது. மீன்பிடிகாரன் ஒருவன் நண்டும் இறாலும் மலிவாகக் கொடுத்தான். லண்டனில் வெம்பிளிக் கடையில் வாங்கி வந்த பனங்கிழங்கு ஒடியல் மாவும் இருந்ததா, அம்மாவுக்குப் பிடித்த கூழ் காய்ச்சினேன். ஏன் திடீரென்று அந்த ஆசை வந்ததென்று தெரியாது. மூன்று கோப்பையில் வார்த்துவிட்டேன், அண்ணா! கைப்பழக்கம். இவர் அந்த மூன்றாவது கோப்பையைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. எழும்பி வெளியே போய்விட்டார்.

நானும் வெளியே வந்தேன். நல்ல வெயில், மணலில் ஒரு குருவி இல்லை. தூரத்தில் தண்ணீரோரமாகச் சேலை கட்டிய ஒரு மனிசி நடந்து வந்தார். சேலைக்கு மேல் மண்ணிறத்தில் ஒரு ஸ்வெட்டர், பெரிய பொத்தான் வைத்தது. இந்தக் கரையில் ஒரு தமிழ் மனிசியா என்று எனக்குச் சந்தோஷம். கை காட்டினேன். இடது காலைக் கொஞ்சம் இழுத்து, அப்படியே அம்மாவின் நடை. இவரைக் கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தால் அங்கே ஒருவரும் இல்லை.

உள்ளே வந்தபோது மூன்றாவது கோப்பை வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. இவர் தான் குடிக்கவில்லை என்கிறார். பொய்க்காரன்!

அம்மாவை நினைத்தபடி,
கௌரி


தோர்ண்டன் ஹீத்
12.6.1992

மச்சான்,

நீ சுகமாக இரு. எனக்கு நித்திரை இல்லை.

அந்த ஸ்வெட்டர் என் புளுகு. அப்படி ஒன்றை நான் வாங்கவே இல்லை. சந்தைக்குப் போய் மாதக்கணக்காகிறது. அம்மா உயிரோடு இருக்கிற மாதிரித் தெரிய ஏதாவது எழுதவேண்டுமே என்று பேனா வந்த போக்கில் எழுதினேன். அந்தக் கடிதம் உங்களுக்குப் பிரிஸ்பேனில்தான் கிடைக்கும். அதற்கு முன்பே கௌரி அந்த ஸ்வெட்டரை, பொத்தான்களோடு, எனக்கு எழுதிவிட்டாள். எப்படி?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவள் கூழ் காய்ச்சிய அன்றுதான் இங்கே எட்டுச் செலவு, எரித்த எட்டாம் நாள். அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். மலர் ஒடியற் கூழும் காய்ச்சினாள். படைத்து, கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தோம். எல்லாம் வைத்தபடியே இருந்தது. கூழில் ஆடை கட்டியிருந்தது.

அம்மா இங்கே சாப்பிட வரவில்லை, குகன்.

பாலேந்திரா


தோர்ண்டன் ஹீத்
13.6.1992

அன்புத் தங்கை கௌரிக்கு,

இங்கு யாவரும் சுகம். அம்மா சுகமாக இருக்கிறார். கடற்கரையில் நீ கண்டது யாரோ தெரியாது, உலகத்தில் ஒரே மாதிரி எத்தனையோ பேர்.

போன் எடுக்கப்போவதாக நினைத்திருந்தால் இப்போதைக்கு வேண்டாம். அம்மாவுக்குக் கொஞ்சம் இருமல், தொண்டை கட்டிவிட்டது. வேறொன்றும் இல்லை. முழங்காலுக்கு மலர் தினமும் எண்ணெய் பூசிவிடுகிறாள். வீடு முழுக்க அந்த மணம்தான்.

அன்புடன்,
அண்ணா


ஹேர்வி பே
28.6.1992

அன்புள்ள அண்ணா,

நாங்கள் மூன்று பேரும் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருங்கள்.

இந்த ஊர்க் கடல் அலையே இல்லாமல் குளம் மாதிரிக் கிடக்கிறது. பகலெல்லாம் வானின் பின் கதவைத் திறந்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். இவர்தான் உள்ளே வரமாட்டேன் என்று வெளியில் கதிரை போட்டு இருக்கிறார். சூடாம். இங்கே குளிர்காலம், நான் போர்த்திக்கொண்டு இருக்கிறேன், இவருக்குச் சூடாம்!

போன் எடுக்கமாட்டேன், பயப்படாதீர்கள். இருமலுக்கும் நீங்கள் யோசிக்க வேண்டாம். மல்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன், நன்றாகக் குறைந்துவிட்டது.

கௌரி


தோர்ண்டன் ஹீத்
8.7.1992

குகன்,

உடனே பதில் எழுது. அவளிடம் சொல்லிவிட்டாயா?

ஹேர்வி பேயிலிருந்து வந்த கடிதத்தைப் பத்துத் தரம் படித்துவிட்டேன். அம்மா சுகமா என்று அவள் கேட்கவில்லை. எழுதப் பழகிய நாளிலிருந்து அம்மாவைக் கேட்காமல் ஒரு கடிதம் எழுதாதவள். யாருக்கு மல்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள்? மூன்று பேரும் என்றது வயிற்றில் இருக்கிற பிள்ளையைச் சேர்த்துத்தானே? அப்படித்தான் என்று ஒரு வரி எழுது, மச்சான்.

பாலேந்திரா


டவுன்ஸ்வில்
17.7.1992

மச்சான் பாலா,

சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நீ என்ன எழுதுவாயோ என்று பயம்.

நான் விசர் பிடித்தவன் இல்லை. இவ்வளவு காலமும் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவன். வானில் சத்தம் கேட்டால் எந்த நட்டுக் கழன்றதென்று குனிந்து பார்ப்பேன். இந்த இருமல் நட்டில் இருந்து வரவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் உன் கடிதம் செய்த வேலை. பிரிஸ்பேனில் அதை வாங்கி வாசித்த அன்று பின் சீட் பள்ளமாகக் கிடந்தது. ஆள் இருந்து எழும்பிய பள்ளம் இல்லை, இருக்கிற பள்ளம். இருமல் என்று எழுதினாய், இருமல் வந்தது. எண்ணெய் என்று எழுதினாய், வான் முழுக்க எண்ணெய் மணக்கிறது. நீ 'அம்மா சுகம்' என்று எழுத எழுத மாமி தெளிவாகிக்கொண்டு வருகிறார். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் இப்போது சேலைக் கரையும் பொத்தான்களும் தெரிகின்றன. முகம் தெரியுமுன் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன். பின்னால் எந்த லொறி வருகிறதென்று தெரியாமல்தான் இவ்வளவு தூரமும் ஓடி வந்திருக்கிறேன்.

மாமி எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இப்போதும் செய்யவில்லை. என் பயம் அதுவல்ல. கௌரி சாப்பிடுகிறாள் இல்லை. மூன்று தட்டுப் போடுகிறாள். "அம்மாவுக்குப் பசி ஆறுதில்லையப்பா" என்று தன் சோற்றையும் அந்தத் தட்டில் தள்ளுகிறாள். தட்டு வெறுமையாகிறது. இவள் கையில் காப்பு நிற்கவில்லை, கழன்று விழுகிறது. இங்கே டொக்டரிடம் கொண்டுபோனேன். பிள்ளை வளரவேண்டிய அளவுக்கு வளரவில்லையாம். தாய் ஒழுங்காகச் சாப்பிடுகிறாவா என்று என்னைக் கேட்கிறான்.

ஒரு நாள் வானை ஓரங்கட்டிவிட்டு, "கௌரி, மாமி வந்து..." என்று தொடங்கினேன். என் வாயைப் பொத்திவிட்டாள். "நீங்கள் சொல்லாதையுங்கோ. அண்ணை எழுதட்டும்" என்றாள். பின்னால் இருமல் நின்றது. மாமியும் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது.

பிள்ளை தங்கவேண்டும் என்றுதானே மறைத்தோம்? இப்போது பிள்ளையின் சோறு அந்தத் தட்டுக்குப் போகிறது. நீ எழுதினால்தான் இது முடியும். கேர்ன்ஸுக்கு எழுது. அங்கே காத்திருப்போம்.

குகன்


தோர்ண்டன் ஹீத்
26.7.1992

அன்புத் தங்கை கௌரிக்கு,

நான் சுகம். அண்ணி சுகம்.

அந்த வரியை இனி நான் எழுத ஏலாது. அம்மா செத்துப்போனார், கௌரி. நீங்கள் சிட்னியில் வானை எடுத்த கிழமைக்கு அடுத்த கிழமை, செவ்வாய் மத்தியானம், ஜன்னலோரக் கதிரையில். வருத்தம் வேதனை ஒன்றும் இல்லை. ஸ்வெட்டர் இல்லை, இருமல் இல்லை, எண்ணெய் இல்லை. எல்லாம் நான் எழுதியது. உன் பிள்ளைக்காக எழுதினேன் என்று குகனிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. உனக்கு 'அம்மா சுகம்' என்று எழுதுகிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கும் அம்மா இருந்தார். அதற்காகவும் எழுதினேன்.

செத்த வீடு குறையில்லாமல் நடந்தது. வெம்பிளியிலிருந்தும் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்தும் சனம் வந்தது. வேலைக்கு லீவு எடுத்து வந்தார்கள். அம்மாவின் சிநேகிதி மரியமலர் ரீச்சர், அந்த வயதில், இரண்டு ரயில் மாறி வந்தார். மண்டபத்தில் இடமில்லாமல் வெளியிலும் நின்றார்கள். கொள்ளி நான்தான் என்று சொல்லி, அங்கே நெருப்பு மூட்டும் பொத்தானை அமத்தினேன். உன் பங்குக்கும் சேர்த்து அரிசி போட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது.

அம்மாவின் ஜன்னலைப் பார்த்துக் கை காட்டுவானே ஒரு பஸ்காரன், அவன் இப்போதும் காட்டுகிறான். வீட்டில் நின்றால் நான் எழும்பிப் போய் அவனுக்குப் பதிலுக்குக் கை காட்டுகிறேன்.

இதைப் படித்ததும் தலை முழுகு. பிறகு சாப்பிடு. உன் தட்டில் இருக்கிறதை நீயே சாப்பிடு, பிள்ளை. அம்மா உன்னோடு இருந்தால் அவரிடமும் சொல்லு, பாலன் இனிமேல் பொய் எழுதமாட்டான் என்று.

அண்ணா


கேர்ன்ஸ்
7.8.1992

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். இவர் சுகம். வயிற்றில் பிள்ளை உதைக்கிறது, அதுவும் சுகம். நீங்களும் அண்ணியும் என்னை நினைத்து அழுதுகொண்டு இருக்கவேண்டாம்.

கொஃப்ஸ் ஹாபரில் கண்ட அன்றே எனக்குத் தெரியும். லண்டனில் இருக்கிற அம்மா அந்த மணலில் நடந்து வர வேறென்ன வழி? ஆனாலும் நீங்கள் எழுதவில்லையே. நீங்கள் எழுதாதவரைக்கும் அது நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். ஹீத்ரோவில் அடுத்த முறை என்று சொன்ன வாய் இது. கேட்டு வந்து ஏறிய அம்மாவை எப்படி இறக்கிவிடுவேன்? என் பிள்ளையைப் பட்டினி போடுகிறேன் என்று தெரிந்தும் சோற்றைத் தள்ளினேன். இன்று என் சோற்றை நானே சாப்பிட்டேன்.

உங்கள் கடிதத்தை நேற்றுப் பின்னேரம் எடுத்தோம். ஊருக்கு வடக்கே ஒரு கடற்கரையில் வானை நிறுத்தி, பின் கதவைத் திறந்துவிட்டு, நானே உரத்து வாசித்தேன். அம்மா பின் சீட்டில் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். செத்துப்போனார் என்ற இடம் வந்ததும் இவர்தான் குழந்தை மாதிரி அழுதார். அம்மா அழவில்லை. "சனம் வந்ததோ?" என்று கேட்டார். வந்ததென்று வாசித்தேன். மரியமலர் ரீச்சரின் பெயரைக் கேட்டதும், "ஐயோ, அவ ஏன் அந்தக் காலோடை வந்தவ?" என்றார். பஸ்காரன் இன்னும் கை காட்டுகிறான் என்றதும் சிரித்தார். "நல்ல பெடியன்" என்றார். முழுக்க வாசித்து முடியும்வரை இருந்தார்.

பிறகு ஸ்வெட்டரைக் கழற்றி, நாலாக மடித்து, சீட்டில் வைத்தார். "இது பாலன் எனக்கு வாங்கினது. அவனிட்டைக் குடு. குளிர் நாட்டிலை இருக்கிறான்" என்றார். அது என் பெட்டிக்குள் இருக்கிறது, அண்ணா. பொத்தான் ஒன்று கழன்றிருக்கிறது, தைத்துக் கொண்டு வருகிறேன்.

இறங்கி மணலில் நடந்தார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "போறன், பிள்ளை" என்றார்.

வாழ்க்கையில் ஒரு நாளும் அம்மா அப்படிச் சொன்னதில்லை. வாய் தவறிவிட்டார், மிச்சத்தையும் சொல்லுவார் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்து நின்றேன். அம்மா சொல்லவில்லை. நான் தலை முழுகக் கடலுக்குள் இறங்கினேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கௌரி